புளியந்தீவுப் பழைய வீட்டை இடிப்பதா, திருத்துவதா?

கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மட்டக்களப்புப் புளியந்தீவில் அம்மம்மா காலத்து வீடு ஒன்று அவருடைய அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. இப்போது அம்மா அதை இவர் பெயருக்கு எழுத இருக்கிறார். முன்னும் பின்னும் விறாந்தை, நடுவில் முற்றம், முதிரை மரக் கதவுகள், சிவப்புச் சீமெந்துத் தரை. 1978 சூறாவளியில் பின்பக்கத்து ஓடு போய்விட, அங்கே அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருக்கிறார்கள். சுவரின் அடிப்பாகம் பொரிந்து கொட்டுகிறது. வந்து பார்த்த இரண்டு மேசன்மாரும் "இடிச்சுப்போட்டு பிளாற் அடிச்சுக் கட்டுங்க, அதுதான் லாபம்" என்று சொல்லிவிட்டார்கள் (பிளாற் என்றால் தட்டையான கொங்கிறீற் கூரை). கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா எல்லோரோடும் ஊருக்கே வந்துவிட விருப்பம். வீட்டைக் காப்பாற்ற முடியுமா, காப்பாற்றினால் இந்தக் காலத்து வசதியோடு இருக்க முடியுமா, எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

முடியும், தங்கச்சி. நல்ல குளியலறை, காஸ் அடுப்புக் குசினி, படுக்கையறைக்கு ஏசி, பிள்ளைகளுக்கு இணையம் எல்லாம் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்கலாம். ஆனால் அந்த வீடு எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடாமல் ஒரு பக்கெற் சீமெந்துகூட உள்ளே போகக் கூடாது. நனைந்தாலும் காய்ந்துவிடும்படி கட்டிய சுவர் அது. வீட்டைப் புதுசாக்குகிறோம் என்று நாம் செய்கிற வேலைகளில் பாதி, அந்தச் சுவர் காயும் வழியை அடைத்துவிடுகிற வேலை. உங்கள் வீட்டு நோய்க்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

புளியந்தீவைச் சுற்றி வாவி. மண் மணல்மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்தில் வந்து கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் அத்திவாரம் தண்ணீரிலேயே நிற்கும். பழைய வீடுகளில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிலத்து ஈரத்தை ஓரிரு அடி உறிஞ்சி மேலே கொண்டுவரும். மாரி முடிந்ததும் அந்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும். ஈரத்தோடு வந்த உப்பு மேற்பரப்பில் பூத்து நிற்கும். தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சுவரைத் தட்டித் துடைத்து வெள்ளையடிப்பார்கள், உப்பும் போய்விடும். அம்மம்மா காலத்தில் ஆண்டு தவறாமல் வெள்ளையடித்தது அழகுக்காக மட்டும் இல்லை.

பிறகு யாரோ ஒருவர் "கீழே பொரியுது, சீமெந்து பூசி விடுவோம்" என்று மூன்று நாலு அடி உயரத்துக்குப் பூசியிருப்பார். அதன்மேல் எனாமல் பெயின்றும் அடித்திருக்கலாம். சீமெந்துப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற கோட்டுக்கு மேலே வந்து வெளிப்படும். அதைப் பார்த்து அடுத்த ஆள் இன்னும் இரண்டு அடி உயர்த்திப் பூசுவார். ஈரமும் அவரோடு சேர்ந்து உயரும்.

இதை நீங்களே பார்க்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்குறூ டிறைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் விறாந்தைச் சுவரைக் கீழிருந்து மேலே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் கொறகொறவென்று வெறுமையாகக் கேட்கும், அங்கே பூச்சு கல்லை விட்டு விலகி நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு கையளவு உடைத்து எடுங்கள். வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஈரம் கறுத்திருக்கும், பஞ்சு முடிபோல வெள்ளை உப்பு ஒட்டியிருக்கும். செங்கல்லைச் சுரண்டினால் பொடியாக உதிரும். இப்போது அதே சுவரில் ஆறு ஏழு அடி உயரத்தில், பழைய பூச்சு அப்படியே இருக்கிற இடத்தில் சுரண்டுங்கள். மங்கலான வெள்ளைத் தூள் வரும், கல் கெட்டியாகக் காய்ந்து இருக்கும். ஒரே சுவர், ஒரே கல், ஒரே வயது. வேறுபாடு பூச்சில்தான்.

அதனால் இடிக்கச் சொன்ன மேசன்மாரில் கோபப்பட வேண்டாம். அவர்கள் பார்த்தது கீழ்ப்பாகத்தை. சீமெந்தில் தொழில் பழகியவருக்குச் சுண்ணாம்புச் சுவர் பலமில்லாததாகத்தான் தெரியும். ஆனாலும் ஒரு மாரியாவது அந்த வீட்டைக் கவனித்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு வந்து அங்கே தங்குங்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று கொப்பியில் எழுதுங்கள். சுவர் வெடிப்புகளின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அத்திவாரத்தில் ஏதோ நடக்கிறது, எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். தாண்டவில்லை என்றால் பழைய வெடிப்பு, சாந்து வைத்து அடைத்துவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் காசே அதிகம் செலவாகாத வேலைகள் சில இருக்கின்றன, அவற்றை முதலில் செய்யுங்கள். தெருவை ஒவ்வொரு முறையும் உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பல வீடுகளின் வளவு பள்ளமாகிவிட்டது. சுவரோடு மண்ணும் குப்பையும் சேர்ந்து, பழைய படிக்கட்டு ஒன்று இரண்டு புதைந்தே இருக்கும். அந்த மண்ணை அள்ளி அத்திவாரக் கட்டின் மேல்விளிம்பு தெரியும்படி செய்யுங்கள். சுவரைச் சுற்றி மூன்றடிக்கு வெளிப்புறமாகச் சரிவு விட்டுச் சரளை பரப்புங்கள். அங்கே சீமெந்துத் தளம் போட்டுவிடாதீர்கள், அடியில் உள்ள ஈரமெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பும். நடுமுற்றத்து வடிகால் எங்கே போகிறது என்று தேடிப் பிடித்துத் துப்புரவாக்குங்கள். முற்றத்தைச் சுற்றிய சுவரெல்லாம் நனைகிற வீடுகளில் பெரும்பாலும் அந்த ஒரு குழாய்தான் அடைத்துக் கிடக்கும். அப்புறம் சுவரை ஒட்டி வளர்ந்த பூமரங்கள், சாய்த்து வைத்த விறகு, ஒழுகுகிற தண்ணீர் டாங்கி எல்லாவற்றையும் அகற்றுங்கள்.

அடுத்தது கூரை. சுவர் வேலைக்கு முன்பே கூரை முடிய வேண்டும். பீலி ஓடோ கள்ளிக்கோட்டை ஓடோ, இருப்பது நல்ல ஓடாக இருந்தால் கழற்றி, தூரிகையால் தேய்த்துக் கழுவி, மீண்டும் போடலாம். உடைந்தவற்றுக்குப் பதிலாக, இடிக்கிற வீடுகளில் இருந்து வருகிற பழைய ஓட்டைத் தேடி வாங்குங்கள், அளவு பொருந்தும். ஓட்டைக் கழற்றிய அன்றைக்கே கைமரம் (சரிவுச் சட்டம்), வளை (உத்தரம்), ரீப்பை (ஓடு தாங்கும் சட்டம்) எல்லாவற்றையும் ஓடாவியோடு, அதாவது தச்சரோடு, நின்று பாருங்கள். நடுவில் நல்லாக இருக்கிற வளைகூடச் சுவருக்குள் புதைந்த முனையில் உக்கியிருக்கும், ஏனென்றால் அங்கேதான் காற்று படாது. ஸ்குறூ டிறைவரை அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி, அதே இன மரத்தில் ஒட்டுப் போட்டுப் போல்ட் பூட்டலாம், முழு வளையையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. முதிரையும் சமண்டலையும் பாலையும் இந்தப் பக்கத்துக் காடுகளில் வளர்ந்த மரங்கள். வைரம் பாய்ந்த அந்த அளவில் இன்றைக்கு வாங்கப் போனால் கிடைப்பதும் கடினம், விலையும் கையைக் கடிக்கும்.

பின்பக்கத்து அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் கவனம். நன்றாக நனைத்துவிட்டு, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்குங்கள். வாளால் அறுப்பது, மேலிருந்து வீசி உடைப்பது, காய்ந்த தூளைக் கூட்டுவது எதுவும் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்து நோய் தரும். வேலையாட்களுக்குத் தூசு வடிகட்டும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகளை அன்றைக்கு வளவுக்கே கொண்டுவர வேண்டாம்.

கூரையைத் திரும்பப் போடும்போது 1978 நவம்பர் 23 இரவை மனதில் வைத்துப் போடுங்கள். அன்றைக்கு இருந்தவர்கள் இன்னும் உங்கள் தெருவில் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம், அதிலும் இறப்பிலும் (கூரையின் தாழ்ந்த விளிம்பு) முகட்டிலும். பழைய வீடுகளில் கைமரம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், ஓட்டின் பாரம்தான் பிடிமானம். சுவர்மேல் கிடக்கிற வளையைச் சுவருக்குள் மூன்று நாலு அடி ஆழத்துக்கு இறங்கும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கைமரத்தையும் அந்த வளையோடு உலோகப் பட்டியால் பூட்டுங்கள். பட்டி, கம்பி, ஸ்குறூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், குறைந்தது தடிப்பாகத் துத்தநாகம் பூசியதாக. கடற்காற்றில் சாதாரண ஆணி சில ஆண்டில் நூலாகிவிடும். இறப்பில் இரண்டு வரி, முகடு, ஓரங்கள் இங்கெல்லாம் ஓட்டைச் சாந்தில் பதியுங்கள். விறாந்தைக் கூரை தாய்க் கூரையின் தொடர்ச்சியாக இல்லாமல் தனியாக, கொஞ்சம் தாழ்வாக இருந்தால் நல்லது. காற்று முதலில் விறாந்தைக்குள்தான் புகும். அது போனாலும் வீட்டுக் கூரை நிற்க வேண்டும்.

சரி, இனிச் சுவர். இந்த வேலைக்கு ஊர்க் காலநிலையோடு ஒத்துப்போகிற ஓர் ஒழுங்கு இருக்கிறது. தை மழை ஓய்ந்ததும் மாசி, பங்குனியில் கூரை. சித்திரையில் சீமெந்துப் பூச்சைக் கை உளியால் மெதுவாக உரித்தெடுக்க வேண்டும், பிறேக்கர் மிஷின் வைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து போய்விடும். பிறகு கல் தெரிய அப்படியே விட்டுவிடுங்கள். வைகாசியில் இருந்து அடிக்கிற கச்சான் என்கிற தென்மேல் காற்றை எல்லோரும் திட்டுவார்கள், அந்தச் சுவருக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. இரண்டு மூன்று மாதம் காய்கிற சுவர் கண்முன்னே நிறம் மாறும். உப்பு பூக்கப் பூக்கக் காய்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுவதை அள்ளி வளவுக்கு வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உதிர்ந்துபோன செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பழைய செங்கல்லையே சுண்ணாம்புச் சாந்தில் வையுங்கள்.

பூச்சு வேலை கச்சான் ஓய்ந்த பிறகு, ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். சுவரைக் காயவைத்த அதே காற்று புதுப் பூச்சைக் கெடுத்துவிடும். சுண்ணாம்பு சீமெந்தைப் போல நீரோடு சேர்ந்து ஒரே நாளில் இறுகுவதில்லை, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் திரும்பக் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும், நாளும் வேண்டும். வேகமாக உலர்ந்தால் மாவாக உதிரும். ஆகவே சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கும் முன் முடியவில்லை என்றால் அடுத்த மாசிக்குத் தள்ளிவைப்பதே மேல்.

சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். முந்தி இந்தக் கரையில் முருகைக் கல்லையும் (பவளப் பாறை) சிப்பியையும் சுட்டுத்தான் எடுத்தார்கள். கரையோரத்தில் முருகைக் கல் எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம், அதை யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். மாத்தளை, கண்டிப் பக்கம் டொலமைற் கல்லைச் சுட்டு எடுக்கிற சுண்ணாம்பு லொறியில் வரும். அதில் மக்னீசியம் இருப்பதால் மெதுவாகத்தான் நீறும், அதாவது தண்ணீரோடு சேர்ந்து வெந்து கரையும். அவசரப்பட்டு நீற்றி மறுநாளே பூசினால் மிச்சம் சுவரிலே நீறி, பூச்சில் கொப்புளம் எழும்பும். வளவின் மூலையில் ஒரு தொட்டி கட்டி, சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு, சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூன்று மாதமாவது கிடக்க விடுங்கள். கரண்டியால் வெட்டி எடுத்தால் வெண்ணெய்போல வழுவழுவென்று ஒட்ட வேண்டும், அதுதான் பதம். நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாத யாரையும் பக்கத்தில் விடக் கூடாது. கூரை வேலை தொடங்குகிற மாசியிலேயே சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுவிட்டால், பூசுகிற நேரத்துக்கு நன்றாக முற்றியிருக்கும்.

கலவை ஒன்றுக்கு மூன்று: ஒரு பங்கு சுண்ணாம்புக் களி, மூன்று பங்கு அரித்த ஆற்று மணல். ஈரம் அதிகமான கீழ்ப்பாகத்துக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து, நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்த தூள் சேர்த்தால் பூச்சு ஈரத்திலும் இறுகும். கடல்மணலும் வாவி மணலும் வேண்டவே வேண்டாம், நாமே உப்பைக் கொண்டுபோய்ச் சுவருக்குள் வைத்ததாக ஆகிவிடும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பாகப் பூச விடாதீர்கள். "கொஞ்சம் சீமெந்து சேர்த்தால் சீக்கிரம் இறுகும்" என்று மேசன் கட்டாயம் சொல்வார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மூன்று நாலு தடவை மெல்லிசாக. முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு அடிப்பாகத்தில் கொஞ்சம் உப்பு இன்னும் பூக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுவர் உள்ளிருப்பதை வெளியே தள்ளுகிறது, தட்டிவிட்டு வெள்ளையடித்தால் போதும்.

அந்தச் சிவப்புத் தரையைத் தயவுசெய்து காப்பாற்றுங்கள். அதன்மேல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டினால், தரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரமும் சுவர்ப்பக்கம் ஒதுங்கும். அம்மாவுக்கு வழுக்கவும் செய்யும். கழுவித் தேய்த்து, வெடிப்புகளைச் சிவப்புக் காவி கலந்த சாந்தால் அடைத்து, மெழுகு போட்டுத் துடைத்தால் வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

இப்போது குடும்பம் வசதியாக இருக்கிற கதைக்கு வருவோம். தண்ணீர் புழங்குகிற எதையும் பழைய சுவருக்குள் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். படுக்கையறை ஒன்றை உடைத்து உள்ளே குளியலறை வைப்பார்கள். குழாய் புதைக்கச் சுவரை வெட்டி, டைல்ஸ் ஒட்டி, ஈரத்தை நிரந்தரமாக உள்ளே குடியிருத்திவிடுவார்கள். பின் விறாந்தைக்கு அப்பால் புதிதாக ஒரு கட்டு கட்டுங்கள். குசினி, இரண்டு குளியலறை, துணி துவைக்கிற இடம், தண்ணீர் டாங்கி எல்லாம் அதற்குள். அது சீமெந்திலும் கொங்கிறீற்றிலும் கட்டுகிற புது வேலை, உங்கள் மேசன்மார் நன்றாகச் செய்வார்கள். ஒன்று மட்டும், அது பழைய சுவரில் சாயாமல் தன் தூணில் தானே நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓரங்குல இடைவெளி விட்டு, மேலே தகரப் பட்டியால் மூடுங்கள். புதுக் கட்டடம் மணலில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அப்போது பழைய சுவரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இப்படிப் பின்னால் ஒரு கட்டு சேர்ப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிசும் இல்லை. தமிழ்க் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ, மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. மகள் கல்யாணம் முடித்து மருமகன் வீட்டுக்கு வந்ததும், தாயும் தகப்பனும் பெரிய வீட்டை விட்டு அதே வளவுக்குள் சின்ன இடத்துக்கு ஒதுங்குவார்கள். உங்கள் அம்மாவின் அறையையும் அந்தப் புதுக் கட்டில், முற்றத்தைப் பார்த்தபடி வையுங்கள். பழைய வீட்டின் உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டுவது அவருக்கு நாளுக்கு நாள் கஷ்டமாகும். புதுக் கட்டில் வாசற்படியே இல்லாமல் சமதரை, மூன்றடி அகலக் கதவு, கொமோட்டுக்குப் பக்கத்தில் சுவர்க் கைபிடி, இரவு விளக்கு, வழுக்காத தரை எல்லாம் தொடக்கத்திலேயே வைத்துவிடலாம். பழைய வீட்டுக்குள் போக மட்டும் மரத்தில் ஒரு சாய்வுப் பலகை போதும். நாளைக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம்.

மலக்குழி எங்கே வரும் என்பதைக் கட்டுக்கு இடம் குறிக்கும்போதே பாருங்கள். மணல் நிலத்தில் கழிவுநீர் வேகமாகப் பரவும். உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் அறுபது அடிக்குக் குறையாமல் தள்ளி, நீர் ஒழுகாத தொட்டியாகக் கட்டுங்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலே வருவதால் உறிஞ்சு குழியை ஆழமாக இறக்குவதில் பயனில்லை, ஆழம் குறைத்து அகலமாக்க வேண்டும்.

மேல்மாடி ஆசை இருந்தால் பழைய வீட்டின் தலையில் வைக்காதீர்கள். அந்தச் சுவருக்குத் தூணும் கிடையாது, சுற்றிக் கட்டிய பீமும் கிடையாது. பிளாற்றின் பாரத்தை வாங்க அத்திவாரமும் போதாது. பின்கட்டுக்கு மேலே ஓர் அறை போடலாம், முன்தெருவில் இருந்து பார்த்தால் முகட்டுக்கு மேலே தெரியாத உயரத்தில். பிளாற் வீடு நிரந்தரம் என்கிறார்களே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கம்பியை மூடுகிற கொங்கிறீற் போதிய கனமில்லாமல் கட்டிய பிளாற்றின் அடியில் இருபது இருபத்தைந்து ஆண்டில் கம்பி துருத்தி, கொங்கிறீற் கட்டியாக விழுவதைக் கல்லடியிலும் நாவற்குடாவிலும் எத்தனையோ வீட்டில் பார்க்கலாம்.

கதவு, யன்னல் வேலைக்கு நல்ல ஓடாவி ஒருவரைத் தேடுங்கள். மட்டக்களப்பில் பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளியினர்) குடும்பங்கள் பலவற்றுக்குத் தச்சு பரம்பரைத் தொழில். பழைய கீல், தாழ்ப்பாள், நிலைக்கு மேலே உள்ள மரச் சல்லடை இவற்றைச் சரியாகப் புரிந்துகொண்டு வேலை செய்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. எனாமலைச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் பூசினாலே முதிரையின் பொன் நிறம் வந்துவிடும். சுரண்டும்போது மட்டும் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கும். அந்தச் சல்லடைகளைக் குளிர் வெளியே போகிறது என்று பலகை வைத்து அடைக்காதீர்கள். அறையின் சூடு அந்த வழியாகத்தான் முகட்டுக்குப் போகிறது. நுளம்புக்கு உள்பக்கமாக வலைச்சட்டம் வைக்கலாம், யன்னலுக்கும் அப்படியே. ஏசி வேண்டும் என்றால் ஓர் அறைக்கு மட்டும் மரத்தில் உட்கூரை (சீலிங்) அடித்து, அந்த அறையை மூடி, அங்கே வையுங்கள். முழு வீட்டையும் குளிராக்கப் பார்த்தால் கரண்ட் பில்லும் ஏறும், சுவரிலும் ஈரம் கோக்கும். வயரிங்கை முழுவதுமாக மாற்றுங்கள். சுவரை வெட்டாமல் ஓரம் பிடித்து வெளியே பைப்பில் ஓட விடுங்கள், முப்பது மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிச்சும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். அந்தத் தடித்த சுவரைத் தாண்டி வைஃபை சரியாக வராது, வயரிங்கோடு சேர்த்துப் பிள்ளைகளின் அறைக்கு ஒரு கேபிளையும் இழுத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

நடுமுற்றத்தை வெளிச்சம் வரும் சீற் போட்டு மூடச் சொல்வார்கள். மூடினால் அது ஹோலாகும், பகல் பதினொரு மணிக்கு அடுப்பும் ஆகும். கள்ளர் பயத்துக்குக் கம்பிவலை போதும். மழைக்கு நனையாமல் சுற்றிவர விறாந்தை இருக்கிறது, பிள்ளைகள் மழை பார்க்கவும் இடம் வேண்டுமே.

காகித வேலையைக் கடைசியில் சொன்னாலும் காசு இறக்கும் முன் முடிக்க வேண்டியது அது. அம்மாவின் சகோதரிகளுக்குப் பிரிக்கப்படாத பங்கு ஏதும் இருக்கிறதா என்று காணி உறுதியை (பத்திரத்தை) சட்டத்தரணியிடம் காட்டிப் பாருங்கள். உங்களுக்கு எழுதும்போது அம்மாவுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதுவது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் நிம்மதி. தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கட்டடத்தை வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். உங்கள் வீடு அப்படி அறிவிக்கப்பட்டதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள், அறிவிக்கப்பட்டிருந்தால் அவர்களின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. பின்கட்டுக்கு மாநகர சபையில் வரைபட அனுமதி வேண்டும். வாவிக்கரையை ஒட்டிய வளவு என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கரையோர வலயம் கடலோரத்தில் 300 மீற்றர் வரை வருகிறது, கடலோடு தொடுக்கும் வாவிகளும் அதற்குள் அடங்கும். இன்னொன்று, பழைய வீடு தெருவை ஒட்டி நிற்கிறது அல்லவா, அதை இடித்துவிட்டால் புது வீட்டைத் தெருவிலிருந்து பின்தள்ளித்தான் கட்ட விடுவார்கள். சின்ன வளவில் அது பெரிய இழப்பு. இடித்தால் லாபம் என்று கணக்குப் பார்த்தவர்கள் இதைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் கிடைக்காவிட்டால், பழக விருப்பமுள்ள இளம் மேசன் ஒருவரைப் பிடித்து, பின்பக்கத்து மதிலில் ஆறடிக்கு ஆறடி பூசவிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து விரலால் தேய்த்தால் மாவு ஒட்டக் கூடாது, தட்டினால் வெறுமைச் சத்தம் வரக் கூடாது. அவரிடம் வேலையைக் கொடுங்கள், ஆனால் கொந்தராத்தாக வேண்டாம், நாட்கூலிக்கு. கொந்தராத்து என்றால் சீக்கிரம் முடிக்கத்தான் மனம் போகும், சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்காது.

எல்லாம் நடக்கும்போது வீட்டில் இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூரை கழற்றுகிற மாதங்களில் முடியாது. பின்கட்டை முதலில் கட்டி முடித்துவிட்டால், சித்திரைப் பள்ளி விடுமுறைக்கு அதற்குள் குடிவரலாம். சுவர் காய்கிற வேலைக்கு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, காலையில் எழும்பி உப்பைத் தட்ட ஒரு தூரிகை மட்டும் கையில் இருந்தால் போதும்.